கணினியும் காவலாளியும்

இரவு மணி பத்து. நாளை காலையில் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டிய இடுபணியின் கடைசிப் பக்கத்தை நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். திடீரென்று திரை முழுவதும் நீலமாகிறது. புரியாத சில சொற்களும் எண்களும் தோன்றி மறைகின்றன. கணினி தானாகவே அணைந்து மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. இரண்டு மணி நேர உழைப்பைக் காணவில்லை.

இத்தகைய வேளையில் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் குரல், “வைரஸ் வந்துவிட்டது!” என்பதாகும். அடுத்த சில நிமிடங்களில் இணையத்தைத் தேடி, இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மூன்று பாதுகாப்பு மென்பொருள்களைப் பதிவிறக்கம் செய்து நிறுவிவிடுகிறோம். மறுநாள் கணினி முன்பைவிட மெதுவாக இயங்குகிறது. முன்பைவிட அடிக்கடி முடங்குகிறது.

எங்கே தவறு நேர்ந்தது? காரணத்தை அறியாமலேயே மருந்தைக் கொடுத்துவிட்டோம். நோய் என்ன, அது எதனால் வந்தது என்று ஆராய்ந்த பின்னரே அதைத் தீர்க்க முயல வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவத்திற்குக் கூறிய வழி கணினிக்கும் பொருந்தும்.

நச்சுநிரல் என்பது பிறருடைய கணினிக்குள் புகுந்து தீங்கு செய்வதற்காகவே எழுதப்பட்ட நிரலாகும். சில நச்சுநிரல்கள் கோப்புகளை அழிக்கின்றன. சில, நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொற்களைத் திருடுகின்றன. இன்னும் சில, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டுகின்றன. வீட்டுக் கணினியில் உங்கள் பாடங்கள் மட்டும் இருப்பதில்லை. அப்பாவின் வங்கிக் கணக்கு விவரங்களும் அம்மாவின் சிறுதொழில் கணக்குகளும் மறைந்த பாட்டியின் படங்களும் அதில் இருக்கலாம். ஆகவே, காவல் தேவை என்பதில் ஐயமில்லை.

பாதுகாப்பு மென்பொருள் இருவகையில் காவல் புரிகிறது. ஒன்று, ஏற்கெனவே கண்டறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளங்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் அப்பட்டியலோடு ஒப்பிடுகிறது. மற்றொன்று, நிரல்களின் நடத்தையைக் கவனிக்கிறது. ஒரு நிரல் குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்ற முற்பட்டால், அது பட்டியலில் இல்லாவிட்டாலும் ஐயத்திற்குரியது எனத் தடுத்து நிறுத்துகிறது.

இப்பணியைச் செய்ய அது கணினியின் மிக ஆழமான பகுதிவரை செல்லும் உரிமையைப் பெற்றிருக்க வேண்டும். அது வீட்டின் எல்லா அறைகளின் சாவிகளையும் வைத்திருக்கும் காவலாளியைப் போன்றது. நல்ல காவலாளியால் வீட்டுக்குப் பாதுகாப்பு. ஆனால், அந்தக் காவலாளியே தடுமாறி விழுந்தால் வீடு முழுவதும் பாதிக்கப்படும்.

இதை உலகம் 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் நேரில் கண்டது. அன்று மலேசிய நேரப்படி நண்பகல் 12 மணியளவில், கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம், பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அப்புதுப்பிப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20 மட்டுமே. இல்லாத ஒன்றைத் தேடி நினைவகத்தின் தவறான இடத்தைப் படிக்க முயன்றதால் கணினிகள் முடங்கின. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. உலகெங்கும் விமானப் பயணங்கள் இரத்தாயின. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைம்முறையாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அன்று எந்த நச்சுநிரலும் தாக்கவில்லை. காவலுக்கு நின்ற மென்பொருளே முடக்கத்திற்குக் காரணமாயிற்று.

அப்படியானால் காவலே வேண்டாமா? அதுவும் தவறாகும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாகிரை என்னும் நச்சுநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்க 300 அமெரிக்க டாலர் கேட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் நோயாளிகளின் சந்திப்புகளை இரத்து செய்தன. வானாகிரை நுழையப் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவிய கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். காவல் இல்லாமல் இருப்பதும் ஆபத்து. ஆராயாமல் காவலை நம்புவதும் ஆபத்து. எனவே, பாதுகாப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதற்கேள்வி, ‘என் கணினியில் ஏற்கெனவே காவல் இருக்கிறதா?’ என்பதாகும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இயங்குதளங்களுடன் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் என்னும் பாதுகாப்பு மென்பொருள் கட்டணமின்றியே வருகிறது. கவனமாகப் பயன்படுத்தும் பல வீடுகளுக்கு அதுவே போதுமானது. வேறொரு பாதுகாப்பு மென்பொருளை நிறுவினால், டிஃபெண்டர் பொதுவாகத் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால், வெளியிலிருந்து வாங்கிய இரண்டு மென்பொருள்களை ஒரே கணினியில் நிறுவினால் அவை அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே கோப்பை இரண்டும் ஒரே நேரத்தில் சோதிக்க முயலும். ஒன்று மற்றொன்றைத் திருடன் எனக் கருதித் தடுக்கவும் கூடும். கணினி மெதுவாக இயங்குவதற்கும் முடங்குவதற்கும் இதுவே காரணமாகலாம். ஒரு கணினிக்கு ஒரு காவலாளி போதும்.

இரண்டாவதாக, அம்மென்பொருளின் திறனை யார் சோதித்தார்கள் என்று பார்க்க வேண்டும். விளம்பரங்கள் எல்லா மென்பொருள்களையும் சிறந்தவை என்றே கூறும். ஜெர்மனியில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் உள்ள ஏவி-கம்பாரேடிவ்ஸ் போன்ற ஆய்வகங்கள் பல நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. எத்தனை நச்சுநிரல்களைத் தடுத்தது என்பதோடு, கணினியின் வேகத்தை எவ்வளவு குறைத்தது, நல்ல கோப்புகளைத் தவறாகத் தடுத்ததா என்பனவற்றையும் அவை அளவிடுகின்றன. பழைய கணினி வைத்திருப்போர் வேகத்தைப் பற்றிய மதிப்பெண்ணை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக, செலவைக் கணக்கிட வேண்டும். முதலாம் ஆண்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மென்பொருள், இரண்டாம் ஆண்டில் பன்மடங்கு விலைக்குத் தானாகவே புதுப்பிக்கப்படலாம். அதைப் பெற்றோருடன் சேர்ந்து படித்துப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

நான்காவதாக, எங்கிருந்து பதிவிறக்கம் செய்கிறோம் என்பது முக்கியம். தயாரித்த நிறுவனத்தின் அகப்பக்கத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கம் செய்ய வேண்டும். ‘இலவசம்’ என்று பரப்பப்படும் கள்ளப் பதிப்புகளுக்குள் நச்சுநிரலே ஒளிந்திருக்கலாம். திருடனுக்கே காவலாளியின் சீருடையை அணிவித்து வீட்டுக்குள் அழைத்து வருவதற்கு அது ஒப்பாகும்.

இணையத்தில் உலவும்போது, ‘உங்கள் கணினி தாக்கப்பட்டுவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று அலறும் அறிவிப்புகளும் தோன்றுவதுண்டு. அவை மோசடிக்காரர்களின் வலை. அந்த எண்ணை அழைக்கக் கூடாது. உலாவியை மூடிவிட வேண்டும். மலேசியாவில் ஏமாற்றப்பட்டுப் பணத்தை இழக்க நேர்ந்தால், தாமதிக்காமல் வங்கியையோ 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ அழைக்கலாம்.

இனி, கணினி ஏன் முடங்குகிறது என்பதைப் பார்ப்போம். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. கணினியின் சிக்கலைத் தீர்ப்பவருக்கு முதலில் வேண்டியது நிதானமே.

முதலில், நடந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். முடக்கத்தின்போது தோன்றும் நீலத்திரையில், விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் கறுப்புத்திரையில், ஒரு குறியீடு காணப்படும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் பின்னர் பொருளைத் தேடி அறியலாம். அதன்பின், ‘முடக்கம் எப்போது தொடங்கியது? அதற்குச் சற்று முன் நான் எதை மாற்றினேன்?’ என்று உங்களையே கேளுங்கள். புதிய விளையாட்டை நிறுவிய மறுநாள் முடக்கம் தொடங்கியிருந்தால், ஐயம் முதலில் அவ்விளையாட்டின்மீதே விழ வேண்டும். நினைவில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. விண்டோஸில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்னும் பகுதி உண்டு. எந்த நாளில் எந்த நிரல் பழுதடைந்தது, எது புதிதாக நிறுவப்பட்டது என்பனவற்றை அது நாள்காட்டி போல் வரிசையாகக் காட்டும்.

அடுத்து, எளிய காரணங்களைச் சோதியுங்கள். நம் நாட்டின் வெயிலில் மடிக்கணினியை மெத்தையின்மீது வைத்துப் பயன்படுத்தினால், காற்றுத் துளைகள் அடைபட்டு உள்ளே வெப்பம் பெருகும். வெப்பம் எல்லை மீறும்போது கணினி தன்னைக் காத்துக்கொள்ள எந்த அறிவிப்புமின்றி அணைந்துவிடும். நிழற்படங்களையோ விளையாட்டுகளையோ திறக்கும்போது மட்டும் இப்படி நேர்ந்தால், துளைகளில் தூசு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வன்தட்டு நிறைந்திருந்தாலும் கணினி திணறும். இடிமின்னலின்போது பாயும் மிகை மின்சாரமும் உள்ளுறுப்புகளைப் பழுதாக்கக்கூடும்.

எளிய காரணம் எதுவும் இல்லையெனில், கணினியைப் ‘பாதுகாப்பு முறையில்’ இயக்கிப் பார்க்கலாம். ‘ஷிப்ட்’ விசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கப் பொத்தானைச் சொடுக்கினால், வரும் பட்டியல்களின் வழியே இம்முறைக்குச் செல்லலாம். அப்போது, இயங்குதளத்திற்கு மிகவும் தேவையானவை மட்டுமே இயங்கும். நாம் பின்னர் சேர்த்தவற்றுள் பெரும்பாலானவை ஓய்வெடுக்கும். இம்முறையில் கணினி சிக்கலின்றி இயங்கினால், நாம் சேர்த்த ஏதோவொரு மென்பொருளோ வன்பொருளை இயக்கும் நிரலோதான் குற்றவாளி எனலாம். இம்முறையிலும் முடங்கினால், நினைவகம், வன்தட்டு போன்ற வன்பொருளில் பழுது இருக்கக்கூடும். நினைவகத்தைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே உள்ளது. கிரவுட்ஸ்டிரைக் நிகழ்விலும் தொழில்நுட்பர்கள் கணினிகளை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் இயக்கி, பழுதான கோப்பை நீக்கியே பலவற்றை மீட்டனர்.

இந்த ஆய்வில் மறக்கக் கூடாத விதி ஒன்றுண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலைப்படுத்துகிறோம் அல்லவா? அதே முறைதான் இது. ஒரே நாளில் மூன்று மென்பொருள்களை நீக்கி, இரண்டைப் புதிதாக நிறுவினால், கணினி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சிக்கல் மீண்டும் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முடக்கத்திற்கு நச்சுநிரல் காரணமாகவே இருக்க முடியாதா? இருக்கலாம். நீங்கள் திறக்காத பக்கங்கள் தாமாகவே திறந்தாலோ, பாதுகாப்பு மென்பொருள் தானாக அணைந்துபோனாலோ, கோப்புகளின் பெயர்கள் மாறியிருந்தாலோ ஐயப்பட வேண்டும். அப்போது இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு முழுச் சோதனை நடத்துங்கள். அக்கணினியில் கடவுச்சொற்களைத் தட்டச்சு செய்யாதீர்கள். அவற்றை வேறொரு கருவியின்வழி மாற்றுங்கள்.

இத்தனை முயற்சிக்குப் பிறகும் சில கணினிகளை மீட்க முடியாமல் போகலாம். காவலாளி எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் வன்தட்டு பழுதாவதை அவரால் தடுக்க இயலாது. அதனால்தான் நகலெடுத்து வைப்பது இன்றியமையாததாகிறது. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது வல்லுநர்கள் கூறும் வழி. கணினியில் ஒன்று, வெளிப்புற வன்தட்டில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று என வைத்துக்கொண்டால் போதும். நகலெடுத்து முடிந்ததும் வெளிப்புற வன்தட்டைக் கழற்றிவிட வேண்டும். இணைத்தே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இயங்குதளத்தைப் புதுப்பிப்பதிலும் அலட்சியம் கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. உங்கள் வீட்டுக் கணினியில் எந்தப் பதிப்பு இயங்குகிறது என்பதை இன்றே பெற்றோருடன் சேர்ந்து பாருங்கள்.

மீண்டும் அந்த இரவு பத்து மணிக்குத் திரும்புவோம். திரை நீலமாகிறது. ஆனால், இம்முறை நீங்கள் பதறவில்லை. குறியீட்டைப் படம் பிடிக்கிறீர்கள். இடுபணியின் பிரதி மேகச் சேமிப்பில் இருக்கிறது. அக்காவின் கணினியில் அதைத் திறந்து கடைசிப் பக்கத்தை எழுதி முடிக்கிறீர்கள். முடக்கத்திற்கான காரணத்தை நாளை பள்ளி முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாகத் தேடலாம்.