ஈழத்துக் கீழைக்கரை: எவ்வூரைத் தேர்வது?

இலங்கை சென்று திரும்பும் தமிழகத்தார் பெரும்பாலும் மூன்று ஊர்களைப் பற்றியே பேசுவர்: கொழும்பு, கண்டி, நுவரெலியா. 1973-இல் திருச்சியில் தொடங்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டு வரிசையில் கொழும்பில் நிகழ்ந்தனவும் உண்டு. அவற்றிற்குச் சென்ற நம்மவருள்ளும் பலர் இம்மூன்றையும் கண்டு, தேயிலைப் பொட்டலத்தோடு மீண்டவரே. இது அவர்தம் குறையன்று. வெளிநாட்டார் ஒருவர் சென்னைக்கு வந்தால் நாமும் மெரினாவையும் மாமல்லபுரத்தையும் காட்டி அனுப்பிவிடுகிறோம். கோவில்பதாகை ஏரிக்கரைக்கு எவரை அழைத்துச் சென்றிருக்கிறோம்?

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. பார்ப்பது என்பது காட்சியோடு முடிவதன்று. உணர்ந்து அறிதலும் அதில் அடங்கும். ஆகவே, நான்கைந்து நாள்களே கையிலுள்ள தமிழ் மாணவரோ ஆசிரியரோ அந்நாட்டில் எவ்வூரைத் தேர்வது என்ற வினா எழுமாயின், அதற்கு அளவுகோல் ஒன்று வேண்டும். என் அளவுகோல் எளியது: மொழிபெயர்ப்பாளர் துணையின்றி, வயலில் நிற்கும் உழவரோடும் திண்ணையில் இருக்கும் மூதாட்டியோடும் நாமே பேசக்கூடிய ஊர் எது?

இவ்வளவுகோலுக்கு முதலில் ஒத்துவருவன புத்தளமும் மன்னாரும். 1344-இல் இப்னு பதூதா வந்திறங்கிய கரை புத்தளம் பகுதியே. மன்னாரில் பெருக்க மரமும் பாலாவித் தீர்த்தக் கரையில் திருக்கேதீச்சரமும் உள்ளன. 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறியோர் கால் வைத்த தலைமன்னாரும் அங்கேதான். ஆயினும் 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் புத்தளத்தில் அகதிகளாய்த் தங்கினர். மீண்டு வந்தோரின் வாழ்வு இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. அங்குச் செல்ல வேண்டாம் என்பதன்று. முதற்பயணத்திற்கு அதனினும் பொருத்தமான இடம் கிழக்கில் உண்டு என்பதே என் கருத்து.

அது மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீளும் கரைவழி. மேனாட்டுப் பயணிகள் மட்டக்களப்பு வாவியைக் கண்டபின், அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற அறுகம்குடாவிற்கு நேரே செல்கின்றனர். இடையிலுள்ள ஊர்கள் பேருந்தின் சாளரத்தில் தோன்றி மறைவனவாகவே அவர்களுக்கு அமைகின்றன. நமக்கோ அவ்விடைப்பட்ட ஊர்களே முதன்மையானவை. கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு வரை இருப்புப்பாதை உண்டு. அங்கிருந்து பேருந்தில் ஏறினால் காத்தான்குடியைக் கடந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் கல்முனை. தங்குவதற்கு அதனையே தேர்க.

கல்முனைக்கு வடக்கே நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனை. தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. மேற்கே சம்மாந்துறையின் வயல்கள். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி அமைந்த கரை இது. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892-இல் பிறந்த காரைதீவும், பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் பிறந்த கல்முனைக்குடியும் சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்பதை நினைவூட்டத் தேவையில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்கிறது. நாகூர்க் கந்தூரி கண்டோருக்கு அது கடல் கடந்த உறவாகவே தோன்றும். (பதாகை என்பதும் கொடியே. ஊர்ப்பெயரில் கொடியை வைத்திருக்கும் எமக்கு அதில் தனி மகிழ்ச்சி.)

இப்பகுதியின் தனிச்சிறப்பு தாய்வழிக் குடிமுறை. ஒவ்வொருவரும் தாயின் குடியைச் சேர்ந்தவர். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒருவராக மரைக்காயர் அமர்ந்த வழக்கமும் இருந்தது. வீடு மகளுக்கே உரியது. மணமகன் மனைவி வீட்டிற்குச் செல்வான். இந்துத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இம்முறை ஒருங்கே காணப்படுதல் வியப்பிற்குரியது. சேரநாட்டு மருமக்கட்டாயத்தோடு இதனை ஒப்பிடுவோர் உளர். மனைவி வீடு செல்லும் வழக்கம் மட்டும் காயல்பட்டினம், கீழக்கரை மாணவர்களுக்குப் புதுமையாக இராது.

சொல்வளம் தேடுவோர் வயற்பக்கம் செல்லுதல் வேண்டும். நெல்வெளிப் பரப்பு அங்கே 'வட்டை', காவற்குடில் 'வாடி', பெருநிலக்கிழார் 'போடியார்'. பரணில் காவல் இருந்தோரும் கதிர் அறுத்தோரும் பாடிய நாலடிக் 'கவி'கள் இம்மண்ணின் பெருஞ்செல்வம். கணவன் தொலைவில் வேளாண்மைக் காவலில் இருக்க, வீட்டிலிருக்கும் மனைவி தூதாய்ப் பாடுவன அவற்றுட் பல. சங்க அகப்பாடல் பயிற்றும் ஆசிரியர் இவற்றை முல்லைத் திணையோடு சேர்த்துக் கற்பிக்கலாம். ஆனால் அறுவடை எந்திரம் வந்தபின் களத்துப் பாட்டிற்கு இடமில்லை. பாட்டறிந்தோர் முதியோரே. பத்தாண்டு கழித்துப் போகலாம் என்று இருப்பவருக்கு நூலில் அச்சான கவி கிடைக்கும். பாடும் குரல் கிடைக்குமா என்பது ஐயமே.

பருவத்தையும் எண்ண வேண்டும். வடகிழக்குப் பருவமழை நம்மைப்போலவே அவர்களுக்கும் அடைமழை. கார்த்திகை, மார்கழியில் செல்வது பயனற்றது. பெரும்போக அறுவடை பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிகழும். கல்லூரி விடுமுறையான மே மாதத்தில் சிறுபோகப் பயிரையே காணலாம்; வெயிலும் கடுமை. ரமளான் எப்பொழுது வருகிறதென்று முன்னரே பார்த்துக்கொள்க. நோன்புப் பகலில் உணவுக்கடைகள் திறந்திருத்தல் அரிது.

அங்கே செல்வோர் இரண்டு துயரங்களை அறிந்து செல்லுதல் கடமை. 1990 ஆகஸ்டு 3-ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில், கல்முனை அடங்கிய அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுதியான உயிரிழப்பு அம்மாவட்டத்திற்கே. மருதமுனைக் கடற்கரையில் நின்று 'அழகிய கடல்' என்று வியக்குமுன் சற்றே பொறுத்தல் நன்று. பள்ளிவாசல் சுவரின் குண்டுத் துளைகளைப் படமெடுக்க விரைவதும் தகாது. அவர்களே சொன்னால் கேட்கலாம்; நாமாகக் கிளறலாகாது.

ஊரைத் தேர்வதோடு துணையையும் தேர்தல் வேண்டும். பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருத்தலால், அங்குள்ள தமிழ்த்துறையினருக்கு முன்னரே மடல் எழுதிச் செல்வது வழியை எளிதாக்கும். பெண்கள் அறிந்த கவிகளையும் தாலாட்டுகளையும் அயல் ஆடவர் முன் பாடுவது அவர்கள் வழக்கமன்று. எனவே குழுவில் ஆசிரியை ஒருவரும் மாணவியர் இருவரேனும் இருத்தல் இன்றியமையாதது. ஒலிப்பதிவுக் கருவியை முதல் நாளே எடுத்தல் வேண்டா. முதல் நாள் வட்டிலப்பம் உண்டு, உறவு கேட்டு, திரும்புக. மறுநாள் அவர்களே அழைப்பர்.