பனிமலையில் ஒரு கித்தான் வீடு

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் இன்றும் கித்தான் கூடாரத்தை நம்பித்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். மொன்டானா மாநிலத்தில் துப்பாக்கி வேட்டைக்கான பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் முடியும்வரை ஏறத்தாழ ஐந்து வாரம் நடக்கிறது. அதற்குள் மழை, ஆலங்கட்டி, பனி எல்லாம் வந்து போகும். சில இரவுகளில் குளிர் உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயும் இறங்கும். எல்க், நம் ஊர்க் கடமானின் உறவுதான். ஆனால் அதைவிடப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். தடம் பார்த்து அலைவதற்கே பல நாள் ஆகும். சுட்ட பிறகு கூறு போட்டுச் சுமந்து வருவது தனி வேலை. அதனால் பலரும் ஒரு வாரம், பத்து நாள் தங்குகிறார்கள்.

இதற்கென்று உள்ள கூடாரம் வடிவத்தில் சிறிய ஓட்டு வீட்டைப் போன்றது. நான்கு பக்கமும் நேராக நிற்கும் சுவர், மேலே இருபுறமும் சரியும் கூரை, நடுவில் முகட்டுக் கட்டை. பக்கச் சுவர் சுமார் ஐந்து அடி உயரம் இருப்பதால் ஓரத்தில் கட்டில் போட்டாலும் தலை இடிக்காது. 12 அடிக்கு 14 அடி உள்ள கூடாரத்தில் நான்கு பேர் அடுப்போடும் சாமான்களோடும் தங்கலாம். கடைக்காரர்கள் சொல்லும் ஆள் கணக்கு பெரும்பாலும் அடுப்பைக் கணக்கில் சேர்க்காதது. அதில் ஓரிருவரைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

எடை குறைந்த நைலான் கூடாரங்கள் மலிந்த காலத்திலும் பருத்திக் கித்தான் நிலைத்திருப்பதற்குக் காரணம் ஈரம். குளிர்கால முகாமில் ஆளைச் சாய்ப்பது குளிரைக் காட்டிலும் ஈரமே. நான்கு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு, சமையல் ஆவி, பனியில் நனைந்த கம்பளிச் சட்டை, காலணி என்று எல்லாவற்றிலிருந்தும் நீராவி கிளம்புகிறது. பூச்சுப் பூசிய நைலானில் அது வெளியேற வழியில்லாமல் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, இரவில் உறைந்து, காலையில் சொட்டு சொட்டாகப் படுக்கைமேல் விழும். பருத்தி நெசவு அப்படியல்ல. நீராவி இழைகளின் ஊடே கசிந்து வெளியே போய்விடும். உள்ளே அடுப்பு எரிந்தால் காற்று உலர்ந்து, முகட்டை ஒட்டிக் கட்டிய கொடியில் தொங்கும் காலுறை விடிவதற்குள் காய்ந்துவிடும். மறுநாள் காய்ந்த காலுறையோடு கிளம்ப முடிகிறதா என்பதுதான் அந்த வேட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆவியை விடும் துணி மழையை எப்படித் தடுக்கிறது என்று கேட்கலாம். பருத்தி இழை நனைந்ததும் பருத்து, நெசவின் இடைவெளிகளையும் தையல் ஓட்டைகளையும் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் புதுக் கூடாரத்தைக் காட்டுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டு முற்றத்தில் அடித்து, தண்ணீர் பாய்ச்சி நனைத்து, நன்றாகக் காயவிடுகிறார்கள். மழை பெய்யும்போது கூரையின் உட்புறத்தை விரலால் தடவக்கூடாது. தடவிய இடத்தில் ஒழுகத் தொடங்கும். துணியின் கனம் சதுர கஜத்துக்கு 10 அல்லது 12 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 340 முதல் 400 கிராம்.

அடுப்பு இல்லாவிட்டால் இந்தக் கூடாரத்துக்குப் பொருளே இல்லை. கித்தான் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில்லை. தணல் அவிந்த சிறிது நேரத்தில் உள்ளும் வெளியும் ஒரே குளிர்தான். எனவே கனத்த உறக்கப்பை எப்படியும் வேண்டும். கூடாரமும் அடுப்பும் சேர்ந்தே வடிவமைக்கப்படுவது பழைய வழக்கம். அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி 1856-இல் காப்புரிமை பெற்ற கூம்புக் கூடாரத்தின் நடுவில் எரிந்த தகர அடுப்பு, கூடாரம் வழக்கொழிந்த பின்னும் நெடுங்காலம் ராணுவத்தில் இருந்தது. வேட்டை முகாமின் அடுப்பு தகட்டாலான பெட்டி. அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பினால் தகடு ஓட்டை விழாது. பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி மாட்டலாம். புகைக்குழாய் துணியைத் தொடாதபடி, வெப்பம் தாங்கும் கண்ணாடியிழைத் துணியில் வெட்டிய துளை வழியே கூரைக்கு வெளியே போகிறது. குழாய் முகட்டைவிட உயர்ந்து நிற்க வேண்டும். இல்லையேல் காற்றடிக்கும்போது புகை உள்ளே திரும்பும். நுனியில் கம்பிவலை மூடி போட்டால் தீப்பொறி கூரையில் விழாது.

மூச்சடைப்பு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். விறகு சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அடுப்புக்கு எதிர்ப்புறத்தில் காற்று வழியைத் திறந்தே வைப்பதும், பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவியைத் தொங்கவிடுவதும் கட்டாயம். குளிருக்கு அஞ்சி எல்லாத் திறப்பையும் கட்டிவிட்டு உறங்குவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது.

இடத் தேர்விலும் சூட்சுமம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது; இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடைக்கரைத் தாழ்விடம் பார்க்க அழகாக இருந்தாலும் சற்று மேட்டில், காலை வெயில் விழும் இடமே உகந்தது. பட்டுப்போன மரத்தின் கீழ் கூடாரம் அடிப்பதில்லை. பனி விழும் இரவில் கூரையை உள்ளிருந்து துடைப்பத்தால் தட்டிச் சரித்துவிட வேண்டும். ஈரப்பனியின் பாரம் முகட்டுக் கட்டையையே முறிக்கும். கூரைமேல் இன்னொரு விரிப்பைக் கட்டினால் பனி தானாக வழுக்கி விழும்.

சட்டகத்துக்கு அங்கேயே கிடைக்கும் லாட்ஜ்போல் பைன் கழிகளை வெட்டிக்கொள்வது பழைய முறை. விதி அனுமதிக்காத இடங்களில் இரும்புக் குழாய்களைக் கொண்டுபோகிறார்கள். மொன்டானாவின் பாப் மார்ஷல் காட்டுப்பகுதி போன்ற, 1964-ஆம் ஆண்டு அமெரிக்கக் காட்டுப்பகுதிச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் இடங்களில் மோட்டார் வண்டிக்கும் மோட்டார் ரம்பத்துக்கும் தடை. கைரம்பத்தால்தான் விறகு அறுக்க வேண்டும்; கூடாரம், அடுப்பு, தானியம் எல்லாம் பெரும்பாலும் குதிரை, கோவேறு கழுதைகளின் முதுகில் போகும். இரு பக்கமும் எடை சமமாக இல்லாவிட்டால் சேணம் சரிந்து விலங்கின் முதுகு புண்ணாகும்.

பழுப்புக் கரடி நடமாடும் பகுதியில் கூடாரத்துக்குள் இறைச்சியோ உணவோ வைப்பது ஆபத்து. தரையிலிருந்து குறைந்தது 10 அடி உயரத்திலும், மரத்திலிருந்து 4 அடி தள்ளியும் தொங்கவிட வேண்டும் என்பது வனத்துறை விதிக்கும் வழக்கமான அளவு. அல்லது கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும்.

வேட்டை முடிந்து ஊர் திரும்பியதும் கூடாரத்தை உடனே பிரித்துக் கொட்டகையில் தொங்கவிடுகிறார்கள். ஈரத்தோடு மடித்துக் கட்டிய பருத்தியில் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும். கறையாவது போகட்டும், இழையே இற்றுப்போகும். மடிப்பு, தையல், கயிறு கோத்த முனை ஆகியவை தொட்டுப் பார்த்தால் துளி ஈரமும் இல்லாதபடி காய்ந்த பிறகுதான் சுருட்டி, எலி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.