மழையளக்கும் தொண்டர்

பதுளை மாவட்டத் தோட்டங்களில், லயத்து மக்கள் சிறு சந்தா சேர்த்து நடத்தும் மரண உதவிச் சங்கங்களும் கோயிற் குழுக்களும் நெடுங்காலமாக உள்ளன. மண்சரிவை எதிர்நோக்கும் தொண்டர் குழுவொன்றுக்கு இப்பழக்கமே தக்க அடித்தளமாகும்.

பயிற்சி கடினமன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவின்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருத்தல் வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தம். 150 ஆனால் வெளியேற்றம். மழைமானியைப் பார்த்துக் குறித்துவைக்க ஒருவர், நள்ளிரவிலும் லயந்தோறும் கதவைத் தட்ட இருவர், முதியோரைத் தாங்கிச் செல்லச் சில இளைஞர், ஆண்டுக்கு ஓர் ஒத்திகை. இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை.

பொருள் வேண்டுவது வேறிடத்தில். கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் அபாயமுண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. ஆயினும், 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது மக்கள் அங்கேயே இருந்தனர். லயமும் நிலமும் தோட்டத்துக்குரியவை. சொந்தக் காணி அவர்களுக்கில்லை. "எங்கே போவது?" என்ற கேள்விக்கு, கதவைத் தட்டும் தொண்டனிடம் விடை இருத்தல் வேண்டும். ஓரிரவுக்கெனில், சரிவுக்கு அப்பாலுள்ள பாடசாலை மண்டபத்தின் திறப்பைக் குழுவிடம் கொடுத்துவைத்தாற் போதும். நிலையான வீடோ சந்தாப் பணத்தால் ஆவதன்று. அது அரசின் கடன். மீரியபெத்தையில் உயிர் தப்பியோருக்குப் புதுவீடுகள் 2016இலேதான் கையளிக்கப்பட்டன.