சூடானால் சுருளும் பலபடி

"சூடாக்கினால் எல்லாம் நன்றாகக் கரையும்" என்றுதான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எல்லாமேவா, டீச்சர்?" என்று கேட்ட பிறகுதான் தேடிப் படித்தேன்.

பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற பலபடி இதற்கு நேர்மாறானது. குளிர்ந்த நீரில் கரையும். ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கரைசல் பால்போல் வெளுத்துவிடும். குளிரில் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் பலபடிச் சங்கிலியைச் சூழ்ந்து விரித்து வைக்கின்றன. சூடேறினால் அவை விலகுகின்றன. சங்கிலி சுருண்டு நீரை வெறுக்கும் தன்மை பெறுகிறது.

இப்பண்பை வண்ணப்பிரிகைக்குப் பயன்படுத்தியவர்கள் ஜப்பானின் ஹிடேகோ கனசாவா, டெருவோ ஒகானோ குழுவினர். சிலிக்கா மணிகளின் மேல் இப்பலபடியைப் பிணைத்து, குழலில் நிரப்பி, நீரை மட்டுமே செலுத்தி ஸ்டீராய்டுகளைப் பிரித்துக் காட்டினர். 1996-இல் இந்த ஆய்வு வெளியானது. குளிரில் ஸ்டீராய்டுகள் விரைவாக வெளியேறுகின்றன. சூட்டில் மணிகளோடு கூடுதலாக ஒட்டுவதால், தாமதமாக, ஒன்றிலிருந்து ஒன்று நன்கு விலகி வருகின்றன. வழக்கமாகக் கரிமக் கரைப்பானின் அளவை மாற்றிச் செய்யும் வேலையை இங்கே வெப்பநிலை செய்கிறது. கரிமக் கழிவும் இல்லை.

மறுநாளே வகுப்பில் என் கூற்றைத் திருத்திக்கொண்டேன். வடிதாளில் மையைப் பிரித்துக் காட்டும்போது நீங்களும் கேளுங்கள்: "ஒரு நிறம் ஏன் பின்தங்குகிறது?" தாளோடு கூடுதலாக ஒட்டுவதால் என்று மாணவர்கள் சொல்லிவிட்டால், கனசாவாவின் குழல் அவர்களுக்கு எளிதில் புரியும்.