சேர்ந்துவிட்டால் மாற முடியாது

நீட் எம்.டி.எஸ். முடிவு வெளியாகிக் கவுன்சலிங் தொடங்கும் வாரங்களில், பல் மருத்துவம் படித்த பிள்ளைகள் இருக்கிற பெங்களூரு காக்ஸ் டவுன் வீடுகளில் வேறு பேச்சே இருக்காது. “அண்ணா, பையன் ஓரல் சர்ஜரிதான் எடுப்பேன்னு நிக்கிறான். ரெண்டு காலேஜ் வருது. ஒண்ணுல ஃபீஸ் கம்மி, இன்னொண்ணு பேரு பெரிசு. எதைப் போடலாம்?” என்று வீலர் ரோட்டில் ஓர் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார். ஃபீஸையும் பெயரையும் பிறகு பார்க்கலாம் என்றேன். அங்கே வாரத்துக்கு எத்தனை நாள் மேஜர் ஓ.டி. ஓடுகிறது, அதில் பி.ஜி. மாணவர் கையில் கத்தி வருகிறதா, அல்லது மூன்று வருடமும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு எம்.டி.எஸ். விதிமுறைப்படி, ஒரு கல்லூரியில் சேர்ந்த முதுநிலை மாணவர் எந்தச் சூழ்நிலையிலும் வேறு கல்லூரிக்கு மாற முடியாது. வகுப்பு தொடங்கிய பிறகு வேறு பிரிவுக்கும் மாற முடியாது. தவறான இடத்தில் சேர்ந்துவிட்டால் இருப்பதை வைத்துப் படிப்பை முடிக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டையே விட வேண்டும். பெற்றோர் பலருக்கு இது பணம் கட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

வாய், முக அறுவை சிகிச்சை என்றால் கடைவாய்ப் பல் பிடுங்குவது மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பைக்கிலிருந்து விழுந்து உடைந்த தாடையைப் பொருத்துவது, தாடை எலும்பில் வளர்ந்த கட்டியை எடுப்பது, உதட்டுப் பிளவையும் அண்ணப் பிளவையும் சரிசெய்வது, குட்காவால் இறுகிப்போன வாயைத் திறக்கவைப்பது, வாய்ப் புற்றுநோய் என எல்லாம் இந்தத் துறைக்குள் வரும். இவற்றையெல்லாம் கையால் செய்துதான் கற்க முடியும். படிப்பு முடிந்து தனியாக நிற்கும்போது, நள்ளிரவில் முகம் கிழிந்து வருகிற ஒருவரின் மூச்சுப் பாதையைக் காப்பாற்றும் பொறுப்பு அந்தக் கையில்தான் இருக்கும். பயிற்சி குறைந்தால் அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். கல்லூரித் தேர்வு மாணவரின் சொந்த விஷயம் மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

எப்படிச் சோதிப்பது? பி.ஜி. மாணவர் ஒவ்வொருவரும் லாக் புக் எழுத வேண்டும். தேதி, நோயாளி எண், என்ன நோய், என்ன அறுவை, மாணவர் பார்த்தாரா, உதவினாரா, மேற்பார்வையில் தானே செய்தாரா, ஆசிரியர் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் நோயாளி விவரத்தை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘தானே செய்தது’ என்ற கட்டம் எந்த வருடத்திலிருந்து நிரம்பத் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் வருடத்தில் காஷுவாலிட்டியில் உட்கார்ந்து ஆர்ச் பார் வைத்துத் தாடையை வயரால் கட்டியிருக்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் கீழ்த்தாடை முறிவுக்குப் பிளேட் வைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாம் வருடத்திலும் ‘உதவி’, ‘உதவி’ என்றே பக்கங்கள் ஓடினால் அந்த இடம் வேண்டாம். பக்கங்கள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதியதுபோல இருந்தால் இன்னும் கூடுதலாக யோசியுங்கள்.

துறைத் தலைவர் அழைத்துவந்து அறிமுகப்படுத்துகிற மாணவரிடம் கேட்டுப் பயனில்லை. டீக்கடையில் நிற்கிற இரண்டாம் வருடத்து மாணவரிடம் கேளுங்கள். பேராசிரியர்கள் தினமும் வருகிறார்களா, இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் வருகிறார்களா? மயக்க மருந்து நிபுணர் கிடைக்காமல் எத்தனை முறை லிஸ்ட் ரத்தாகிறது? ஒரு வருடத்துக்கு எத்தனை பி.ஜி.க்கள்? சீட் அதிகமாகி கேஸ் அதே அளவில் இருந்தால் ஆளுக்கு வருகிற பங்கு சிறுத்துவிடும். பெரிய கல்லூரிகளை நம்பிப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து மருத்துவமனை. பொது மருத்துவம், பொது அறுவை, மயக்கவியல், விபத்துப் பிரிவு போன்ற இடங்களில் எம்.டி.எஸ். மாணவருக்குப் போஸ்டிங் கொடுக்க வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. பல் மருத்துவமனை தனியாக நின்று, போஸ்டிங் வேறெங்கோ ஒப்பந்தத்தின் பேரில் நடக்கிறதென்றால் அந்த ஒப்பந்தம் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெங்களூரு கோட்டைப் பகுதியில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி விக்டோரியா மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பக்கத்துக் குக் டவுனில், கிளைன் ரோட்டில் எம்.ஆர். அம்பேத்கர் பல் மருத்துவக் கல்லூரி. எது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் விபத்து கேஸ் எங்கே வந்து இறங்குகிறது, இரவில் யார் அதைப் பார்க்கிறார்கள் என்பதை வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போயே பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறோம். வெப்சைட் படத்தைப் பார்த்துச் சீட்டைப் பிடிப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

வெளிநாட்டுக் கனவு இருக்கிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் இந்தத் துறை நிபுணராகப் பல் மருத்துவம், மருத்துவம் இரண்டு பட்டங்களும் வேண்டும். அமெரிக்காவில் பயிற்சி நான்கு வருடம், எம்.டி. பட்டத்தோடு சேர்த்து என்றால் ஆறு வருடம். நம் மூன்று வருட எம்.டி.எஸ். அங்கே அப்படியே செல்லுபடியாகாது.

இனி பணம். கேபிடேஷன் ஃபீஸைத் தடை செய்த சட்டம் கர்நாடகத்தில் 1984லேயே வந்தது. தனியார் கல்லூரி கேட்ட ஆண்டுக்கு 60,000 ரூபாயைக் கட்ட முடியாமல் மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின் என்ற மாணவி கர்நாடக அரசின் கட்டண அறிவிக்கையை எதிர்த்து வழக்குப் போட, 1992ல் உச்ச நீதிமன்றம் கேபிடேஷன் ஃபீஸ் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றது. 2002ல் டி.எம்.ஏ. பை வழக்கிலும் 2003ல் இஸ்லாமிக் அகாடமி வழக்கிலும் கட்டண விதிகள் மாறிவந்தன. இரண்டும் கர்நாடகத்திலிருந்து எழுந்த வழக்குகள்தான். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கட்டணக் குழு என்ற ஏற்பாடு அதன்பின் வந்தது. 2005ன் இனாம்தார் தீர்ப்பு என்.ஆர்.ஐ. சீட்டை 15 சதவீதத்துக்குள் நிறுத்தியது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கேட்டாலும் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ மட்டும் கொடுங்கள்.

‘மேனேஜ்மென்ட் சீட் எங்க கையில இருக்கு’ என்று ஃபோன் செய்கிற ஏஜென்ட்டுகளிடம் எச்சரிக்கை. தனியார், என்.ஆர்.ஐ. உட்பட எல்லா எம்.டி.எஸ். சீட்டும் நீட் மதிப்பெண்ணை வைத்துப் பொதுக் கவுன்சலிங் வழியாகத்தான் நிரப்பப்பட வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்.சி.சி. நடத்துகிறது. மாநிலச் சீட்டுகளை மல்லேஸ்வரத்தில் இருக்கும் கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ. நடத்துகிறது. இவற்றுக்கு வெளியே நடக்கும் சேர்க்கையைப் பல்கலைக்கழகம் பதிவு செய்யாமல் போகலாம், பணமும் வருடமும் போய்விடும். கர்நாடகத்தில் பி.டி.எஸ். படித்த வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: பூர்வீகம் கர்நாடகம் இல்லை என்பதற்காக இங்கே படித்தவர்களுக்கு முதுநிலை மாநிலச் சீட்டு மறுக்கக் கூடாது என்று 2018ல் கிருதி லக்கினா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து படிப்பவர்களுக்கு இது பயன்படும்.

ஒவ்வொரு சுற்றிலும் சீட்டை விடும் விதி வேறு. முதல் சுற்றில் இருக்கும் சுதந்திரம் அடுத்தடுத்த சுற்றில் குறைந்து, வைப்புத்தொகை போவதும் அடுத்த தேர்வுக்குத் தடை விழுவதும் நடக்கும். அந்த வருடத்துத் தகவல் கையேட்டை வரி வரியாகப் படியுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிணையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018ல் அறிவித்திருக்கிறது. கல்லூரி கேட்டால் அந்த அறிவிக்கையைச் சுட்டிக்காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள்.

சேர்ந்த பிறகும் உரிமைகள் உண்டு. ஸ்டைபெண்ட் வங்கிக் கணக்கில் வந்தபின் அதை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பது ஏமாற்று. பேச்சு, வாட்ஸ்அப், வங்கி விவரம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். சீனியர்கள் அவமானப்படுத்துவதும் ராகிங்தான், முதுநிலைக்கும் அது பொருந்தும். ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. குற்றமாகும் ராகிங் என்றால் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரி காவல் நிலையத்தில் புகார் தர வேண்டும் என்பது 2009ன் யு.ஜி.சி. விதி. மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு 1992ல் வந்த ரெசிடென்சி திட்டம் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பேசியது. தனியார் கல்லூரியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும் கோரிக்கை வைக்க ஒரு பிடிப்பு.

பிரச்சினை முற்றினால் நேராக நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2010ல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வியை நுகர்வோர் சேவையாக ஏற்கவில்லை, அதனால் அந்த வழி வழுக்கும். கட்டணம் என்றால் கர்நாடகத்தின் 2006 சட்டத்தின் கீழுள்ள கட்டணக் குழு, சேர்க்கை என்றால் கே.இ.ஏ., பயிற்சியும் தேர்வும் என்றால் ஜெயநகரில் உள்ள ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகம். எதுவும் நகரவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். கடைசியாக, சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று: இன்டர்ன்ஷிப்பில் இருக்கும்போதே அரசுக் கல்லூரிக்கு ஓர் ஆர்.டி.ஐ. மனு போட்டு, கடந்த மூன்று வருடங்களில் துறை செய்த மேஜர் அறுவைகளின் எண்ணிக்கையைக் கேட்டுவிடுங்கள். பதிலுக்கு முப்பது நாள் ஆகும், கவுன்சலிங் சுற்றுகளுக்கு நடுவே அவ்வளவு நேரம் கிடைக்காது.