ஒரே அறை, ஒரே தேதி: காரணம் வாசனையா, கணக்கா?

விடுதியில் தங்கிப் படித்த பெண்களைக் கேட்டால் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். சேர்ந்த புதிதில் ஆளுக்கொரு தேதியில் வந்த மாதவிடாய், சில மாதங்களில் அறைத் தோழிகள் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வரத் தொடங்கிவிட்டது. அக்கா தங்கைகளும் சொல்வார்கள், அம்மாவும் மகளும் சொல்வார்கள், ஒரே அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்பவர்களும் சொல்வார்கள். கூடி வாழும் பெண்களின் உடல்கள் மூக்குக்குத் தெரியாத ஒரு வாசனையால் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்கின்றன, அதனால்தான் இப்படி என்ற விளக்கம் கல்லூரிப் பாடநூல்கள் வரை போனது.

அரை நூற்றாண்டு ஆய்வுகளுக்குப் பிறகு இன்று சொல்லக்கூடிய பதில் இது: அப்படி ஓர் ஒத்திசைவு நடப்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஆனால், பெண்கள் பார்த்தது பொய்யல்ல. தேதிகள் உண்மையிலேயே நெருங்கி வருகின்றன. அதற்கு வாசனை தேவையில்லை என்பதுதான் செய்தி.

இந்த எண்ணத்தை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் ஒரு கல்லூரி மாணவி. 1968 கோடையில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் எலிகளைப் பற்றி விஞ்ஞானிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் எலிகளைக் கூட்டமாக ஒரே கூண்டில் அடைத்தால் அவற்றின் இனப்பெருக்கச் சுழற்சி மட்டுப்படும், ஆண் எலியின் மூத்திர வாடை பட்டால் பல எலிகள் மூன்றாம் நாளில் ஒன்றாகச் சூட்டுக்கு வரும் என்பது 1950-களிலேயே தெரிந்திருந்தது. அங்கே இருந்த மார்த்தா மெக்ளின்டாக், எங்கள் விடுதிப் பெண்களிடமும் இதுபோல் நடக்கிறது என்றார். சுற்றி இருந்த ஆண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிரூபித்துக் காட்டட்டும் என்ற நிலை.

அவர் நிரூபிக்கப் புறப்பட்டார். மாசசூசெட்ஸில் தான் படித்த வெல்லெஸ்லி மகளிர் கல்லூரி விடுதியில் 17 முதல் 22 வயது வரையிலான 135 பெண்களிடம், கடந்த இரண்டு மாதவிடாய்களும் எந்தத் தேதியில் தொடங்கின என்று கல்வியாண்டில் மூன்று முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். அக்டோபரில் தொடங்கிய கணக்கு வசந்த காலம் வரை போனது. அறைத் தோழிகளுக்கும் நெருங்கிய சிநேகிதிகளுக்கும் இடையே தேதி வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு நாள் குறைந்திருந்தது. 1971-இல் அவருடைய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. மாதவிடாயைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே தயங்கிய ஒரு காலத்தில், ஓர் இளம்பெண் அதை ஆய்வுக்குரிய விஷயமாக உலகின் முதன்மையான அறிவியல் இதழில் நிறுத்தினார். அந்த முடிவு இன்று நிற்கவில்லை என்றாலும், அந்தத் துணிச்சலுக்கு உரிய மதிப்பு குறையாது.

அடுத்த பெரிய கட்டம் 1998. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்ட மெக்ளின்டாக், கேத்லீன் ஸ்டெர்னுடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். ஒன்பது பெண்கள் அக்குளில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பஞ்சை வேறு 20 பெண்களின் மேலுதட்டில், மூக்குக்குக் கீழே தடவினார்கள். கருமுட்டை வெளியாவதற்கு முந்தைய நாள்களில் எடுத்த பஞ்சு, முகர்ந்தவர்களின் சுழற்சியைச் சராசரியாக 1.7 நாள் குறைத்தது. முட்டை வெளியாகும் கட்டத்தில் எடுத்தது 1.4 நாள் நீட்டியது. வாசனைச் சேதியைச் சுமக்கும் ஃபெரமோன் என்ற வேதிப்பொருள் மனிதரிடமும் இருப்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால், எந்த வாசனையும் முகராத பெண்ணுக்கே ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இரண்டு, மூன்று நாள் வித்தியாசம் வருவது சாதாரணம். இருபது பேரை மட்டும் வைத்து ஒன்றரை நாள் மாற்றத்துக்குக் காரணம் சொல்வது கடினம். அக்குள் பஞ்சில் எந்த வேதிப்பொருள் இந்த வேலையைச் செய்தது என்பதும் கண்டறியப்படவில்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இரு பெண்களுக்குமே சரியாக 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய தேதிகள் அதிகபட்சம் 14 நாள்தான் விலகி இருக்க முடியும்; 15 நாள் விலகினால் மறுபக்கமாக 13 நாள் நெருங்கிவிட்டார்கள் என்று பொருள். எந்தத் தொடர்பும் இல்லாத இரு பெண்களை எடுத்தாலும் சராசரி இடைவெளி 7 நாள். உதிரப்போக்கு ஐந்து நாள் நீடிக்கும் என்றால், எந்த மாதத்திலும் இவர்களுக்கு ஒரு நாளாவது ஒன்றாக வர 28-க்கு 9 வாய்ப்பு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு.

இது இருவருக்கான கணக்கு. அறையில் மூவர் இருந்தால், யாராவது இருவருக்கு நாள்கள் மோதுவதற்கான வாய்ப்பு 73 சதவீதம். நால்வர் இருந்தால் 95 சதவீதம். நான்கு கட்டில் போட்ட எந்த விடுதி அறையிலும் ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் யாரோ இருவருக்கு ஒரே நேரத்தில் வந்தே தீரும். அவர்கள் ஒருவரை ஒருவர் முகர வேண்டியதில்லை, சந்தித்திருக்கவும் வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. எல்லாருக்கும் 28 நாள் இல்லை. கைபேசிச் செயலி ஒன்றில் பதிவான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை 2019-இல் ஆராய்ந்தபோது சராசரி 29.3 நாளாக இருந்தது. சரியாக 28 நாளில் முடிந்தவை 13 சதவீதம் மட்டுமே. ஆக, ஒருத்திக்கு 28 நாள், அவள் தோழிக்கு 30 நாள் என்று எடுத்துக்கொள்வோம். 14 நாள் இடைவெளியில் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த இடைவெளி இரண்டிரண்டு நாளாகச் சுருங்கும்: 14, 12, 10, 8 என்று இறங்கி ஏழாவது சுழற்சியில் பூஜ்யம். ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு. அந்தப் பூஜ்யத்துக்கு முன்னும் பின்னுமாகத் தொடர்ந்து ஐந்து மாதம் இருவருக்கும் நாள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். இதைக் கண்ணால் பார்த்த பெண், என் உடல் அவளோடு ஒத்துப்போகிறது என்று நினைப்பதில் என்ன தவறு? அவள் கணக்கில் எடுக்காதது அடுத்த ஏழு மாதத்தை. அதே இரண்டிரண்டு நாளாக விலகிப் போகும் மாதங்களை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. சேர்ந்து வந்தால் பேசுகிறோம். தனித்தனியாக வந்தால் அதில் பேச ஒன்றும் இல்லை.

உண்மையான ஒத்திசைவு என்றால், இருவரின் சுழற்சி நீளமும் மாறிச் சமமாக வேண்டும். நெருங்கியபின் விலகவும் கூடாது. 28 நாள்காரியும் 30 நாள்காரியும் தத்தம் நீளத்தை மாற்றிக்கொள்ளாத வரை, அவர்கள் சந்திப்பதும் பிரிவதும் கூட்டல் கழித்தல் மட்டுமே.

மானுடவியலாளர் கிளைட் வில்சன் 1992-இல் மெக்ளின்டாக்கின் ஆய்வையும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளையும் இதே கண்ணோடு பார்த்தார். தொடக்க இடைவெளியைக் கணக்கிட்ட விதமே பிழை என்றார். ஒருத்திக்கு 1-ஆம் தேதியும் 29-ஆம் தேதியும் வருகிறது, இன்னொருத்திக்கு 26-ஆம் தேதி வருகிறது என்றால், வித்தியாசம் 25 நாள் அல்ல, 3 நாள்தான். எந்தத் தேதியை எந்தத் தேதியோடு இணைக்கிறோம் என்பதில் கவனம் தவறினால் தொடக்க இடைவெளி ஊதிவிடும். பிறகு அது இயல்பாகக் குறைவதே சாதனைபோலத் தெரியும்.

சேர்ந்தே வாழ்ந்தவர்களிடம் தேடியபோது

விமர்சனம் மட்டும் போதாது, புதிய தரவு வேண்டும். அது பல திசைகளிலிருந்து வந்தது. ஒரே படுக்கையைப் பகிரும் 29 லெஸ்பியன் இணைகளை 1993-இல் வெண்டா டிரிவேத்தன் குழு ஆராய்ந்தது. வாசனைதான் காரணம் என்றால் இவர்களிடம் அது மிகத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. சீனாவில் விடுதியில் தங்கிய 186 மாணவிகளின் தேதிகளை ஓராண்டு குறித்த ஜெங்வெய் யாங்கும் ஜெஃப்ரி ஷாங்கும் 2006-இல், பெண்களுக்கு ஒத்திசைவு நிகழ்வதில்லை என்று தலைப்பிலேயே எழுதினார்கள்.

எனக்கு இவற்றில் மிகவும் கனமாகத் தோன்றுவது மாலி நாட்டின் தோகோன் மக்களிடம் பெவர்லி ஸ்ட்ராஸ்மன் செய்த வேலை. அங்கே மாதவிடாய்ப் பெண்கள் ஊரின் தனிக் குடிசையில் இரவைக் கழிக்க வேண்டும். மதுரை மாவட்டத்துச் சில கிராமங்களில் முட்டுவீடு என்ற பெயரில் இருக்கும் ஏற்பாட்டைப் போன்றதுதான். அந்தக் கட்டுப்பாட்டின் வலியைத் தனியாக எழுத வேண்டும். ஆய்வுக்கு அது தந்தது, யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டாத ஒரு பதிவேடு. ஸ்ட்ராஸ்மன் 736 நாள் தொடர்ந்து, எந்த இரவு எந்தப் பெண் குடிசைக்குப் போனாள் என்று குறித்தார். பொய் சொல்லிப் போகிறார்களா என்று ஹார்மோன் பரிசோதனையும் செய்து பார்த்தார். மின்விளக்கு இல்லாத ஊர், கருத்தடை மாத்திரை இல்லாத பெண்கள், கூட்டுக் குடும்பம். ஆதி மனித வாழ்க்கையில் ஒத்திசைவு இருந்தது என்று சொல்பவர்கள் எதிர்பார்க்கும் சூழல் எல்லாமே அங்கே இருந்தது. ஒத்திசைவு மட்டும் இல்லை. நிலவின் வளர்பிறை தேய்பிறையோடும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தோகோன் பெண்ணுக்கு வாழ்நாளில் வரும் மாதவிடாய் சுமார் நூறுதான். இளமையின் பெரும்பகுதி கர்ப்பத்திலும் பால் கொடுப்பதிலும் போய்விடுகிறது. ஊரில் பல பெண்கள் ஒரே நேரத்தில் மாதாமாதம் சுழற்சியில் இருப்பதே அபூர்வம். இணைந்து வருவதற்கென்று உடலில் ஒரு பொறி பரிணாமத்தில் உருவாக, அங்கே அதற்கு வேலையே இருந்திருக்காது.

‘க்ளூ’ என்ற மாதவிடாய்க் குறிப்புச் செயலி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளருடன் இணைந்து 360 ஜோடிப் பெண்களின் பதிவுகளைப் பார்த்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். 273 ஜோடிகளில் இடைவெளி கூடியது, 79-இல் குறைந்தது. முறையான ஆய்விதழ்க் கட்டுரையாக வந்தது அல்ல என்பதால் அதற்கு அளவான எடையே தரலாம்.

வாசனைச் சேதி என்பதே கற்பனையா? விலங்குலகில் இல்லை. 1959-இல் அடால்ஃப் பியூட்டெனான்ட் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து முதல் ஃபெரமோனைப் பிரித்தெடுத்தார். ஆசியப் பெண் யானை, தான் இணைசேரத் தயார் என்பதை மூத்திரத்தில் உள்ள ஒரே ஒரு வேதிப்பொருளால் ஆண் யானைக்கு அறிவிக்கிறது. பல அந்துப்பூச்சிகள் பயன்படுத்துவதும் அதே பொருள்தான் என்று 1996-இல் தெரியவந்தது. எலிகளிடம் இந்தச் சேதிகள் பலவற்றை வாங்குவது மூக்கினுள் இருக்கும் ஒரு தனி உறுப்பு. மனிதரிடம் அதன் சுவடு மட்டுமே மிச்சம். அது வேலை செய்யத் தேவையான முக்கிய மரபணு நம்மிடம் சிதைந்துவிட்டது. சாதாரண மூக்கு வழியாகவும் ஃபெரமோன் வேலை செய்யலாம் என்பதால் கதவு முழுக்க மூடவில்லை. பிறந்த குழந்தையைத் தாய் வாசனையாலேயே இனம் காண்பாள் என்பதும் உண்மை. ஆனாலும் மனித ஃபெரமோன் என்று உறுதிசெய்யப்பட்ட ஒரு மூலக்கூறு இன்றுவரை இல்லை. அந்தப் பெயரில் விற்கும் வாசனைத் திரவியங்களை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த நம்பிக்கையால் யாருக்கும் கெடுதல் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தேதி தள்ளிப்போன ஒரு பெண், புது அறைத் தோழியோடு ஒத்துப்போகத்தான் தள்ளுகிறது என்று நினைத்து மூன்று மாதம் காத்திருந்தால், தைராய்டு கோளாறோ, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோ, சாப்பாட்டைக் குறைத்ததன் விளைவோ, கர்ப்பமோ அந்த விளக்கத்துக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாள் ஆகலாம். அதற்குள் சில நாள் முன்பின் ஆவது இயல்பு. அந்த எல்லையைத் தாண்டி அடிக்கடி போனாலோ, மூன்று மாதம் வராமலே இருந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது குறித்துவைத்த தேதிகளையும் கொண்டு போகலாம். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.