பழைய டிராக்டரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிராக்டர்கள் நம் கிராமங்களில் இன்றும் அன்றாட உழவுக்குப் பயன்பட்டு வருகின்றன. மாசி ஃபெர்குசன் 1035, மகிந்திரா பி-275, ஃபோர்டு 3600, எச்.எம்.டி. 2511 போன்ற வண்டிகள் சாயம் வெளுத்து, மட்கார்டு துருப்பிடித்து நின்றாலும், பருவம் வந்ததும் வயலில் இறங்கிவிடுகின்றன. இவற்றை வைத்திருக்கும் விவசாயிகள் பயிற்சிகளுக்கு வரும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இதைக் கொடுத்துவிட்டுக் கடன் வாங்கிப் புதியது எடுக்கலாமா?"

வண்டி எந்த ஆண்டில் வாங்கியது என்பதை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, பருவ வேலையில் நடுவில் நின்றுவிடாமல் இருக்கிறதா, ஓட்டுபவரின் உயிருக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். இவற்றுள் மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

மணிக்கணக்கே வயது

டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டுகள் அல்லது 10,000 மணி என்று பொறியியல் கணக்குகளில் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆண்டுக்கு 1,000 மணி ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். சொந்த நிலத்திலும் பக்கத்து வயல்களிலும் மட்டும் உழும் வண்டி ஆண்டுக்கு 250 மணி ஓடினால் அதிகம். அத்தகைய வண்டி 10,000 மணியைத் தொட 40 ஆண்டுகள் ஆகும். ஆகவே 1995-இல் வாங்கிய டிராக்டர் மணிக்கணக்கில் இன்னும் நடுவயதில்கூட இருக்கலாம். ஹவர் மீட்டர் ஓடாத வண்டிகளே மிகுதி என்பதால், உழுத ஏக்கரைக் கொண்டு கணக்கிடலாம். ஒன்பது கொத்துள்ள கொக்கிக் கலப்பையால் சிறு வயல்களில், திருப்பும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் உழலாம்.

இனி செலவைப் பார்ப்போம். கீழே உள்ளவை எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. விவசாயிகள் தங்கள் தொகைகளை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். புதிய டிராக்டர் ரூ.7 இலட்சம் என்று கொள்வோம். பத்து ஆண்டுகளுக்குப் பின் ரூ.70,000 கிடைக்கும் என்றால் ஆண்டுத் தேய்மானம் ரூ.63,000. சராசரி முதலீட்டின் மேல் 10 சதவீத வட்டி ரூ.38,500. ஆக, வண்டி கொட்டகையில் நின்றாலும் ஓடினாலும் ஆண்டுக்கு ரூ.1,01,500 செலவு. இத்துடன் பழுதுபார்ப்புக்கு மணிக்கு ரூ.40 சேர்க்கலாம்.

பழைய டிராக்டரின் இன்றைய மதிப்பு ரூ.1.5 இலட்சம் என்றால் அதற்கு வட்டி ரூ.15,000. தேய்மானம் பெரிதாக இல்லை. ஆனால் பழுதுபார்ப்புக்கு மணிக்கு ரூ.160 ஆகிறது என்றும், புதியதைவிட மணிக்கு அரை லிட்டர் டீசல் கூடுதலாகக் குடிக்கிறது என்றும் கொள்வோம். லிட்டர் ரூ.90 வீதம் அது ரூ.45. இரண்டுக்கும் பொதுவான டீசலையும் ஓட்டுநர் கூலியையும் விட்டுவிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு 250 மணி ஓடும்போது புதிய வண்டிக்கு மணிக்கு ரூ.446, பழையதற்கு ரூ.265 ஆகிறது. அதே வண்டிகள் 1,000 மணி ஓடினால் புதியதற்கு ரூ.142-தான், பழையதற்கு ரூ.220. இரண்டும் சமமாகும் இடம் ஆண்டுக்கு 525 மணி அளவில் வருகிறது.

எனவே ஊரெல்லாம் வாடகைக்கு உழுபவர் புதிய வண்டி வாங்குவதில் நியாயம் உண்டு. தன் வயலை உழுபவர் அண்டை வீட்டாரைப் பார்த்துக் கடன் வாங்கினால் மாதத் தவணைக்காகவே வண்டியை வாடகைக்கு அலைய விட நேரிடும். ஆண்டுக்கு 100 மணிகூட வேலை இல்லாத சிறு விவசாயிக்குச் சொந்த வண்டியே தேவையா என்றும் யோசிக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்திலும் தனியாரிடமும் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்த வாடகையுடன் தம் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

இக்கணக்கில் அடங்காத ஒன்று பருவம். கரிசல் நிலத்தில் மழைக்குப் பின் உழவுக்கேற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். சேற்று வயலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது சேற்றுழவு ஒரு வாரம் தள்ளிப்போனால் நடவும் தள்ளிப்போகும். ஒரு நாசில் பைப்புக்காக மூன்று நாள் நிற்கும் வண்டி, மிச்சப்படுத்திய பணத்தை ஒரே பருவத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆகவே பழைய வண்டிக்குச் செய்ய வேண்டிய பட்டறை வேலை அனைத்தையும் கோடையிலேயே முடித்துவிட வேண்டும்.

எடை குறைந்தும் இழுக்கும் காரணம்

சுமார் 1.7 டன் எடையுள்ள மாசி 1035 எவ்வாறு இரும்புக் கலப்பையை இழுக்கிறது? இதன் விடை அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பவரின் கண்டுபிடிப்பில் இருக்கிறது. கலப்பையை வண்டிக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுப்பதற்குப் பதிலாக, மூன்று இணைப்புகளால் வண்டியுடன் ஒன்றாக்கினார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை உற்பத்தியான அவரது டி.இ.20 டிராக்டர்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல். 1958 ஜனவரி 4-ஆம் நாள் எட்மண்ட் ஹிலாரியின் குழு தென் துருவத்தை அடைந்ததும் இத்தகைய டிராக்டர்களில்தான். அதன் வழிவந்ததே மாசி ஃபெர்குசன் 35. நம் நாட்டில் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் அந்த மரபைத் தொடர்ந்து 1035 வண்டியைத் தயாரித்தது.

கலப்பை கெட்டி மண்ணில் ஆழமாகச் செல்லும்போது டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளுதலை ஒரு ஸ்பிரிங் உணர்ந்து ஹைட்ராலிக் வால்வை இயக்க, கலப்பை சற்றே உயர்கிறது. அப்போது கலப்பையின் எடையும் அதன் மேலுள்ள மண்ணின் எடையும் பின்சக்கரங்களில் இறங்கி, சக்கரத்துக்குப் பிடிப்பு கூடுகிறது. இதுவே டிராஃப்ட் கண்ட்ரோல். இருக்கையின் பக்கத்தில் இரண்டு லீவர்கள் உள்ள வண்டிகளில் ஒன்று இதற்கு உரியது. மற்றது கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோல். நம் ஓட்டுநர்களில் பலர் எல்லா வேலைக்கும் பொசிஷன் லீவரையே பயன்படுத்துகிறார்கள். சட்டிக் கலப்பைக்கும் இறகுக் கலப்பைக்கும் டிராஃப்ட் லீவரையும், சுழற்கலப்பைக்கும் சமன்படுத்தும் பலகைக்கும் பொசிஷன் லீவரையும் பயன்படுத்த வேண்டும். பல ஆண்டுகள் தொடாமல் விட்ட வண்டிகளில் அந்த ஸ்பிரிங் சேறும் துருவும் ஏறி இறுகிப்போயிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து அளவுப்படி பூட்டினாலே இழுவை தேறிவிடும்.

சக்கரம் வழுக்குவதை அளக்க ஒரு சாக்குக்கட்டி போதும். பின் டயரில் ஒரு கோடு போட்டு, வயலில் கலப்பையைத் தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு எத்தனை மீட்டர் செல்கிறது என்று அளக்கவும். பிறகு உழும்போது அதேபோல் அளக்கவும். முன்னது 38 மீட்டர், பின்னது 33 மீட்டர் என்றால் வழுக்கல் 13 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் டயரும் டீசலும் வீணாகின்றன. உழவு ஆழத்தைக் குறைக்கவோ பின்சக்கர எடையைக் கூட்டவோ வேண்டும்.

பயிரியல் நோக்கில் பழைய வண்டிக்கு ஒரு சிறப்பு உண்டு. எடை குறைவாக இருப்பதால் ஈர நிலத்தில் அடிமண் இறுகுவது குறைகிறது. நெல்லுக்குப் பின் உளுந்து, பருத்தி பயிரிடுவோருக்கு இது சிறு நன்மை அன்று. ஆனால் சுழற்கலப்பை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 35 குதிரைத்திறன் வண்டியில் 6 அடி சுழற்கலப்பையைப் பூட்டி வதைப்பது வீண். ஒற்றைக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் நின்றுவிடும், கெட்டி நிலத்தில் பாதிக் கிளட்சில் ஓட்டி ஓட்டிக் கிளட்ச் தட்டு கருகும்.

பராமரிப்பில் இரண்டொரு சொல்

ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது பற்றி விவசாயிகளுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கவனிக்கப்படாதவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பழைய வண்டிகளில் பலவற்றில் இருப்பது எண்ணெய்க் கிண்ணத்துடன் கூடிய ஏர் கிளீனர். புழுதி உழவின்போது அக்கிண்ணத்தை நாள்தோறும் திறந்து, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவிக் குறியீடு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது. இதைத் தவறவிட்டால் புழுதி உள்ளே சென்று ரிங்கையும் லைனரையும் அரித்துவிடும். ரேடியேட்டருக்கு உப்பு நீர் ஊற்றக் கூடாது. மழைநீரைச் சேமித்து வைத்துப் பயன்படுத்தலாம். வண்டி சூடாகிறது என்று சொன்னால் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது தவறான வைத்தியம். எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் ஓடினால் டீசல் முழுவதும் எரியாமல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும்.

டீசல் செலவைப் பருவத்துக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும். டேங்கை நிரப்பி, ஒரு ஏக்கர் உழுது, மீண்டும் நிரம்ப எவ்வளவு ஊற்றினோம் என்று குறித்துக்கொண்டால் போதும். அதே நிலத்தில், அதே கலப்பையில் அளவு ஏறிக்கொண்டே வந்து, கரும்புகையும் தள்ளினால் முதலில் ஏர் கிளீனரையும் நாசிலையும் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்து ஆயிலும் குறைந்தால் எஞ்சின் வேலை நெருங்கிவிட்டது எனலாம். அந்த வேலைக்கு ஆகும் தொகை வண்டியின் மதிப்பில் பாதியைத் தாண்டுமானால் விற்றுவிடுவதே என் பரிந்துரை.

உயிருக்கு ஆபத்தான பழக்கங்கள்

பழைய டிராக்டரின் பெருங்குறை டீசல் அன்று. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் அதில் இல்லை.

சேற்றில் பின்சக்கரம் புதைந்து நின்றுவிட்ட நிலையை எண்ணிப் பார்க்கவும். எஞ்சின் அச்சைச் சுழற்ற முயல்கிறது. சக்கரம் சுழல மறுக்கிறது. அப்போது சுழலக்கூடியது வண்டியின் உடல் மட்டுமே. முன்சக்கரம் மேலே எழும்பி, வண்டி மல்லாந்து ஓட்டுநர் மேல் விழும். இதற்கு ஓரிரு விநாடிகளே ஆகும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. கேஜ் வீலில் மரக்கட்டையைக் கட்டி வெளியேற முயல்வது ஊர்தோறும் உள்ள பழக்கம். கட்டை சக்கரத்தை முற்றிலும் பூட்டிவிடுவதால் இது மிகவும் ஆபத்தானது. இதைக் கண்டிப்பாகக் கைவிட வேண்டும். புதைந்த வண்டியைப் பின்னோக்கி எடுக்க முயலவும். முடியாவிட்டால் கலப்பையைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றிய சேற்றை வெட்டி, மற்றொரு டிராக்டரைக் கொண்டு இழுக்கவும். இழுக்கும் வண்டியில் சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். டாப் லிங்க் பூட்டும் இடத்திலோ அச்சுக்கு மேலேயோ மாட்டினால் அந்த வண்டியும் மல்லாந்துவிடும். உயர்ந்த வரப்பைக் கடக்க வேண்டியிருந்தால் வரப்பைச் சரித்துவிட்டுக் கடக்கவும். அல்லது பின்பக்கமாக ஏறவும்.

பாதுகாப்புச் சட்டம் பொருத்த விரும்புவோர் அந்த மாடலுக்கெனச் சோதித்துத் தயாரித்ததையே வாங்க வேண்டும். உள்ளூரில் குழாயை வளைத்துப் பற்றவைத்தது நிழலுக்குத் தார்ப்பாய் போட உதவுமே தவிர, இரண்டு டன் எடையைத் தாங்காது. சட்டம் உள்ள வண்டியில் சீட் பெல்ட் அணிய வேண்டும்; சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டிக்கொள்ளக் கூடாது.

சாவியும் சுவிட்சும் கெட்டுப்போன வண்டிகளில், பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்றுகொண்டு செல்ஃப் மோட்டாரின் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்துக் கிளப்புகிறார்கள். கியரில் இருந்தால் வண்டி அவர் மேலேயே ஏறும். சுவிட்சு மாற்ற ஆகும் செலவு ஒரு நாள் கூலி அளவுதான். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. அதன் மூடி தொலைந்துபோன வண்டியில் கதிரடிக்கும்போது வேட்டி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ சிக்கினால் இழுத்துக்கொள்ள அவகாசம் கிடையாது. மூடியை வாங்கிப் பொருத்தும் வரை அந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். சாலையில் செல்லும்போது இடது, வலது பிரேக்குகளை இணைக்கும் கொக்கியைப் போட வேண்டும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி திரும்பிக் கவிழும். மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு வயலுக்குப் போவதையும் விட்டுவிட வேண்டும்.

பாகங்களும் பதிவும்

பழைய வண்டி வாங்க எண்ணுவோர் முதலில் விசாரிக்க வேண்டியது பாகங்களைப் பற்றி. மாசி 1035-க்குப் பாகங்கள் சிறு நகரங்களிலும் கிடைக்கின்றன. இவ்வண்டியில் பழகிய மெக்கானிக்குகளும் உண்டு. எச்.எம்.டி. நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆகவே அந்த வண்டிகளை வைத்திருப்போர் தேய்ந்துபோகும் பாகங்களைக் கிடைக்கும்போதே ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பதிவும் காப்பீடும் இல்லாத வண்டி சாலையில் விபத்துக்குள்ளானால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். பழைய வண்டியை வாங்குவோர் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே முன்பணம் கொடுக்க வேண்டும்.